ரப்பர்க் குழாய் நிர்ணயம்: ஒரு பூர்வபீடிகை

மானிட அறிவுக்கு எட்டாதவை என்று பெரியோர்கள் வகுத்துவைத்த விஷயங்களின் வரிசையில், கார்ப்புரேட்டரை இறக்கிச் சுத்தம் செய்யும் பொருட்டுக் கழற்றப்பட்டு, வாயைப் பிளந்துகொண்டு நாலா திக்கிலும் தொங்கும் ரப்பர்க் குழாய்களுள் எது எந்த நிப்பிளுக்கு உரியது என்ற வினா இதுகாறும் சேர்க்கப்படாமற் போனதற்கு, அப்பெரியோர்கள் மாட்டுவண்டியில் பிரயாணம் செய்தார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் கற்பிக்க இயலவில்லை.

இந்த சாஸ்திரத்துக்கும் ஒரு கிருதயுகம் உண்டு. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றி வங்காளத்து உத்தரபாராவில் உருவான அம்பாஸடர், தன் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினைச் சுற்றி, ரேடியேட்டருக்கு மேலொன்றும் கீழொன்றுமாகத் தடித்த குழாய்கள், பெட்ரோலுக்கு ஒரு வழி, டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு மெல்லிய நாளம் என்ற அளவோடு ஏறக்குறையத் திருப்தியடைந்துவிட்டபடியால், பானெட்டைத் திறந்தவன் எஞ்சினுக்கு இருமருங்கும் பூமாதேவியையே தரிசிக்க முடிந்தது; அவ்வளவு வெட்டவெளியில் ஐயம் ஒளிந்திருக்க இடமில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 கன சென்டிமீட்டருக்குள் மூன்று சிலிண்டர்களை அடக்கிய அந்தச் சிறு தேகத்தில், சோக்குக்கு ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒன்று, கிராங்க் கேஸ் ஆவிக்கு ஒன்று, ஏ.சி. போட்டால் ஐடிலிங்கை உயர்த்தும் கருவிக்கு ஒன்று எனக் குழாய்கள் பெருகவே, அறியாமைக்கும் ஓர் உறைவிடம் கிடைத்தது.

குழாய்களைப் பகுக்கும் நெறி, அவற்றினூடே செல்லும் வஸ்துவைப் பற்றியதாகும். நீர் செல்பவற்றைக் குறித்து ஆராய ஒன்றுமில்லை. அவற்றின் பருமனே அவற்றின் விலாசம். பெட்ரோல் செல்பவற்றை மூக்கு அறியும். பில்டரின் மேல் பொறித்த அம்புக்குறி திசையை அறிவிக்கும். பம்பிலிருந்து டாங்கிக்குத் திரும்பும் குழாயையும் கார்ப்புரேட்டருக்குச் செல்லும் குழாயையும் மாற்றிச் செருகினால், பெட்ரோல் எஞ்சினைத் தரிசிக்காமலே வீடு திரும்பும் என்ற ஒன்றை மட்டும் நினைவிற்கொண்டு மேலே செல்வோம்.

மேலே செல்வதாவது, சூனியத்துக்குள் செல்வதாகும். மூன்றாம் வகைக் குழாயின் தொழில், ஒன்றுமில்லாததை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசேர்ப்பது. திராட்டில் மூடிய நிலையில் பிஸ்டன் கீழிறங்கும்போது மேனிஃபோல்டுக்குள் காற்று அருகிப்போய், ஆரோக்கியமான எஞ்சினில், ஐடிலிங்கின்போது, வெளிக்காற்றைக் காட்டிலும் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை குறைந்த அழுத்தம் நிலவுகிறது. டாரிசெல்லி 1643-இல் பாதரசக் குழலைக் கவிழ்த்து மெய்ப்பித்ததும், மாக்டெபர்க் நகரத்து கெரிக்கே இரு செப்பு அரைக்கோளங்களை ஒட்டவைத்து இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுத்துக் காட்டியதும் இந்தச் சூனியத்தைத்தான். அன்று குதிரைகளைத் தோற்கடித்த அதுவே இன்று பூஸ்டருக்குள் புகுந்து, பிரேக்கை மிதிக்கும் காலுக்கு ஊழியம் செய்கிறது.

ஆயினும் சூனியம் ஏகமன்று. திராட்டில் தட்டுக்குக் கீழே பிறப்பது நித்திய சூனியம். எஞ்சின் ஐடிலிங்கில் நிற்கும்போதும் அது இழுத்துக்கொண்டேயிருக்கும். தட்டின் விளிம்புக்குச் சற்று மேலே துளையிட்டு எடுப்பது நைமித்திக சூனியம். ஆக்ஸிலேட்டரை அழுத்தும் நிமித்தம் உண்டானாலொழிய அது தோன்றாது. மிகப் பல வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரின் குழாய் இந்த இரண்டாவதையே சேரவேண்டும். அதை நித்தியத்தில் செருகிவிட்டால் ஐடிலிங்கின்போதே ஸ்பார்க் முந்திப் பிறந்து, எஞ்சின் வேகமாகச் சுழல, மெக்கானிக் ஐடிலிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி அதைச் சாந்தப்படுத்துவார். முதற் பிழையை இரண்டாம் பிழை போர்த்திக் காக்க, வண்டி ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓடும். இவ்விரண்டையும் பிரித்தறியும் பிரமாணம் மிக எளியது: எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது நிப்பிளின் வாயில் விரல்நுனியை வைத்தல். சூனியமானியைக் கொண்டு அளப்போர், 1,000 அடி ஏறுந்தோறும் முள் ஏறக்குறைய ஓர் அங்குலம் இறங்கும் என்பதை மறந்தால், மேட்டுப்பாளையத்தில் சௌக்கியமாக இருந்த வண்டியை உதகமண்டலத்தில் நோயாளி என்று தீர்மானிக்க நேரும்.

கழன்ற குழாய்க்கு உரிய இடத்தை நிச்சயிப்பதில் அறிஞர்களிடையே மூன்று மதங்கள் நிலவுகின்றன. வர்ணவாதிகள், கழற்றுவதற்கு முன்பே குழாய்க்கும் நிப்பிளுக்கும் ஒரே நிறப் பெயின்டில் பொட்டு வைப்பவர்கள்; இவர்களுக்கு ஆராய்ச்சியே தேவைப்படாதபடியால் இங்கே பேசத் தகுந்தவர்கள் அல்லர். வாசனாவாதிகள், நெடுநாள் சூட்டில் கிடந்த ரப்பர் தன் பூர்வ வளைவையும், கிளிப் கடித்த தழும்பையும், உரிய நிப்பிளின் பருமனுக்கேற்ப விரிந்த வாயையும் மறவாது என்பர். ஆதலால் குழாயைத் தளர்வாக விட்டால் தன் பழைய இருப்பிடத்தை நோக்கித் தானே திரும்பும். இம்மதமே எனக்கு உடன்பாடு. இதன் பெருங்குறை, புதுப்பேட்டையில் வாங்கிய புதுக்குழாய்க்குப் பூர்வ வாசனை கிடையாது என்பதே.

மூன்றாமவர் பொருத்தவாதிகள். “அண்ணே, இது எங்கே போகும்?” என்று பையன் கேட்க, “எங்கே உட்காருதோ அங்கே விடுடா” என்று உபதேசிக்கும் இவர்களே எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். “அண்ணே, ஒண்ணு மிச்சமிருக்கு” என்ற மறுவினாவுக்கும் இவர்களிடம் விடையுண்டு: மிச்சமான குழாயின் வாயில் ஒரு போல்ட்டைத் திருகிவிடுதல். அது கிராங்க் கேஸ் ஆவிக்குரிய குழாயாக வாய்த்துவிட்டால், போக்கிடமற்ற அழுத்தம் சீல்களைப் பிதுக்கிக்கொண்டு எண்ணெயாகக் கசியும். வண்டி நின்ற இடமெல்லாம் அதன் வரலாறு எழுதப்படும்.

இணைத்தபின் கசிவறியும் முறையிலும் ஒரு தார்க்கிகச் சிக்கல் உண்டு. வேறொரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் செருகி, மறுமுனையால் மேனிஃபோல்டு ஓரமாகத் துழாவி, சீறும் ஒலியைத் தேடுவர். குழாயைக் குழாயாலேயே அறிவது ஆத்மாசிரய தோஷமென்று நையாயிகர் ஆட்சேபிக்கலாம். ஆனால் அவருக்கும் அந்தச் சீறல் கேட்கும்.

இனி எஞ்சுவது ரப்பர்த் தொப்பி. ஒரே வார்ப்புக் கார்ப்புரேட்டரைப் பலவகை வண்டிகளுக்கும் பொருத்துவதால், சில நிப்பிள்கள் வேலையின்றிப் பிறந்து, தொழிற்சாலையிலேயே தொப்பியணிவிக்கப்பட்டு வருவதுண்டு. பையன் அத்தொப்பியைக் கழற்றுகிறான், இடமின்றித் தவிக்கும் குழாயொன்றும் குழாயின்றித் தவிக்கும் நிப்பிளொன்றும் அவன் கண்ணுக்குத் தென்படுகின்றன, இரண்டுக்கும் விவாகம் நடக்கிறது, எஞ்சின் ஓடுகிறது, பில்லும் எழுதப்படுகிறது.