துணி கட்டிய கால்வாய்

அலங்காநல்லூர் வாடிவாசலில் அவிழ்த்துவிட்ட காளை எந்தப் பக்கம் பாயும் என்று ஊருக்கே தெரியும். அந்தப் பாதையில் யாரும் வீடு கட்டுவதில்லை. பாவம், நகரமைப்பு படிக்காத ஜனங்கள்.

பக்கத்து மதுரையில், தண்ணீர் பாயும் பாதை விஷயத்தில் இந்தப் பயந்த சுபாவம் கிடையாது. தல்லாகுளம், உலகனேரி, ஆலங்குளம் எனத் தண்ணீரைப் பெயரில் வைத்துவிட்டு, கட்டடத்தை இடத்தில் வைத்தார்கள். உலகனேரியில் உயர் நீதிமன்றக் கிளையே இருக்கிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளை அங்கேயே விசாரிக்கலாம், அலைச்சல் மிச்சம்.

2024 அக்டோபர் 25 பிற்பகலில், 15 நிமிடத்தில் 4.5 செ.மீ. மழை கொட்டியது. பந்தல்குடி கால்வாய் வழியே வைகைக்குப் போகவேண்டிய செல்லூர்க் கண்மாய்த் தண்ணீர், வழியிலிருந்த வீடுகளுக்குள் நுழைந்து நலம் விசாரித்தது. ஜனங்கள் வாளியால் இறைத்தார்கள். பாய், தலையணை, ஆதார் அட்டை எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்தார்கள். இதற்கு ‘மீண்டெழும் திறன்’ என்று பெயர். கருவூலத்துக்குச் செலவில்லாத திறன் என்பதால் மேடைகளில் நல்ல மரியாதை.

பிறகு சிமென்ட் கால்வாய்க்கு 11.9 கோடி ரூபாய் அறிவித்தார்கள். அது இருக்கட்டும். உண்மையான பொறியியல் சாதனை 2025 மே மாதக் கடைசியில் நடந்தது. முதல்வர் வரும் வழியில் பந்தல்குடி கால்வாய் நாறிக் கிடக்க, பக்கவாட்டில் துணி கட்டி மறைத்துவிட்டார்கள். தூர்வார இயந்திரம் வேண்டும். இதற்குக் கயிறு போதும். நாற்றத்துக்குத்தான் இன்னும் துணி நெய்யவில்லை.

முதல்வரோ நேராகப் போய் அந்தக் கால்வாயையே பார்வையிட்டார். துணி கட்டியவர்களின் உழைப்பு வீண். ஆனாலும் வடகிழக்குப் பருவமழைக்கு அப்போது நான்கு மாதத்துக்கு மேல் இருந்தது. வானத்தை மறைக்க எத்தனை கெஜம் பிடிக்கும் என்று கணக்குப் போட அது தாராளம்.