கஞ்சி ஏறாத பாவு

நெசவுக்காரர் தெருவில் பொழுது விடியும்போதே கஞ்சி வாசனை வரும். அது மனிதர்களுக்கான கஞ்சி இல்லை, தறியில் நீளவாட்டில் ஓடும் நூலான பாவுக்கான கஞ்சி. வெயில் ஏறுவதற்குள் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, சோற்றுக் கஞ்சியை நூலில் ஏற்றிக் காய வைத்துவிட வேண்டும். கஞ்சி ஏறாத பாவு தறியில் நிற்காது. நாடா நாலு தடவை ஓடுவதற்குள் அறுந்து போகும். 1990-ல் பள்ளிப்பட்டிலிருந்து நாராயணவனத்துக்கு மருமகளாக வந்த எனக்கு என் மாமனார் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இதுதான். "நூலுக்கு மொதல்ல ஊட்டணும்மா. அப்புறந்தான் அதுங்கிட்ட வேலை வாங்கணும்" என்பார்.

அதே வீட்டில் அடுத்த வருஷம் நான் பிள்ளையுண்டானேன்.

நாராயணவனத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புத்தூருக்குப் பக்கத்தில் அருணா நதிக்கரையில் இருக்கிறது. அன்று சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம். எங்கள் தெருவில் வீட்டுக்குள் தமிழ், கடைவீதியில் தெலுங்கு. ஆகாசராஜன் மகளாகப் பத்மாவதித் தாயார் வளர்ந்ததும், சீனிவாசப் பெருமாளைக் கைப்பிடித்ததும் இங்கேதான் என்கிறது தலபுராணம். அந்தக் கல்யாணத்துக்குப் பயன்பட்டது என்று சொல்லி ஒரு பெரிய திருகைக் கல்லைக் கல்யாண வெங்கடேசுவரர் கோயிலில் இன்றும் காட்டுவார்கள். ஆக, எங்கள் ஊர் பெண் வீட்டு ஊர். பெண்ணுக்குச் செய்வதில் குறை வைக்கக் கூடாது என்பது இங்கே எல்லாரும் சொல்லும் பேச்சு.

என் மாமியாரும் குறை வைக்க நினைத்தவர் இல்லை. ஆனால் அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை இருந்தது. மாமனார், என் வீட்டுக்காரர், இரண்டு கொழுந்தன்மார், நாத்தனார், மாமியார், கடைசியில் நான். பகலெல்லாம் ராட்டையில் தார் சுற்றிவிட்டு நான் தட்டு வைக்கும்போது மணி மூன்றாகியிருக்கும். சட்டியில் அடியில் ஒட்டிய களியும் ரசமும் இருக்கும். கீரை இருந்தால் அதன் சாறு இருக்கும். "அத்தை, பசிக்குது" என்று ஒரே ஒருநாள் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "வவுறு ரொம்பிச்சின்னா பிள்ளைக்கு எடம் எங்கடி இருக்கும்? பிள்ளை பெருத்துச்சுன்னா பொறப்பு கஷ்டமாயிடும். கொஞ்சம் பொறுத்துக்கோ."

ஆகாதவை என்று ஒரு பட்டியலும் இருந்தது. பப்பாளி, அன்னாசி, எள், கொள்ளு, எல்லாம் சூடு. சுரைக்காய், பூசணி, தயிர், எல்லாம் குளிர்ச்சி. பருப்பு வாயு. ராத்திரியில் கீரை கூடாது. முட்டை சனிக்கிழமை கூடாது, புரட்டாசி முழுக்கக் கூடாது, பெருமாள் ஊர் ஆயிற்றே. கழித்துக் கழித்து மிஞ்சியது சோறு, ரசம், ஊறுகாய். கொல்லையில் முருங்கை மரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அறையில் மூட்டை மூட்டையாக வேர்க்கடலை இருந்தது, பானை நிறையக் கேழ்வரகு இருந்தது. இவற்றில் எனக்கு எட்டாதது எதுவும் இல்லை. என் தட்டுக்குத்தான் எதுவும் வந்து சேரவில்லை.

நான்காம் மாதத்தில் பச்சரிசியை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தேன். பிறகு சிலேட்டுக் குச்சி. மழை பெய்து மண் சுவர் நனைந்தால் அந்த வாசனைக்கே நாக்கு ஊறும். எல்லாரும் மசக்கை என்று சிரித்தார்கள். உடம்பில் இரும்புச் சத்து குறையும்போது இப்படி மண்ணுக்கும் சாம்பலுக்கும் பச்சரிசிக்கும் ஏக்கம் வரும் என்பதை மருத்துவம் வெகுகாலமாகக் கவனித்து வந்திருக்கிறது. என் உடம்பு தனக்கு வேண்டியதைத் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டிருக்கிறது.

மாத்திரை வராமல் இல்லை. கர்ப்பிணிகளுக்கு இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை தரும் திட்டத்தை இந்திய அரசு 1970-லேயே தொடங்கிவிட்டது. நர்சம்மா சைக்கிளில் வந்து ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் போட்டதும் மலம் கறுத்தது. "பிள்ளையும் கறுத்துடும்" என்று பயந்து மாமியார் பொட்டலத்தை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டார். இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பது சகஜம், பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று எங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க அன்று யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு. எலுமிச்சம் சாதம், புளி சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகை வைத்து, கை நிறைய வளையல் அடுக்கினார்கள். அந்தப் பிள்ளைத்தாய்ச்சிக் காலத்தில் வீட்டில் எல்லாருக்கும் முன்னால் நான் சாப்பிட்டது அந்த ஒருநாள்தான். பிறகு பள்ளிப்பட்டில் அம்மா வீட்டில் பிள்ளை பிறந்தது. எடை ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம். இரண்டரை கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவனைப் பஞ்சில் சுற்றி மார்போடு வைத்துக் காப்பாற்றினாள் என் அம்மா. எனக்குப் போன ரத்தம் திரும்ப ஊற ஒரு வருஷம் ஆயிற்று. படியேறினால் நெஞ்சு அடைக்கும், கண் இருட்டும்.

மாமியார்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருடைய அக்கா மூன்று நாள் வலியில் கிடந்து, பிள்ளை வெளியே வராமலே செத்தவள். அறுவை சிகிச்சைக்குப் போக வழியில்லாத காலத்தில் பெரிய பிள்ளை என்றாலே எமன். பிரசவம் பார்க்கும் மந்திரசானிக் கிழவியைத் தவிர வேறு துணை இல்லாத பெண்கள், தாயைப் பட்டினி போட்டாவது உயிரைக் காப்போம் என்று கண்டுபிடித்த வழி அது. அந்தப் பயம் உண்மையானது, வழிதான் தவறு. அரைவயிறு சாப்பிட்டால் பிரசவம் சுலபமாகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆனால் ரத்தம் குறைந்த உடம்பு பிரசவத்தில் போகும் ரத்தத்தைத் தாங்காது என்பது நிச்சயம்.

பின்னாளில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரைப் பற்றிப் படித்தேன். 1928-ல் பம்பாய் வந்தவர். அங்கே துணி மில் வேலைக்காரப் பெண்கள் கர்ப்ப காலத்தில் ரத்தம் சுண்டிப்போய்ச் சாவதற்குக் காரணம் தேடினார். எங்களைப் போலவே நூலோடு வாழ்ந்த பெண்கள் அவர்கள். குன்னூர் ஆய்வுக்கூடத்திலும், சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி என்று பெயர்பெற்ற மருத்துவமனையிலும் அந்த ஆராய்ச்சி தொடர்ந்தது. கிருமியல்ல, சாப்பாட்டில் உள்ள குறைதான் காரணம் என்று கண்டார். மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். 1931-ல் அதை உலகுக்குச் சொன்னார். அந்தச் சாற்றில் இருந்த பொருளை 1941-ல் அமெரிக்காவில் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். ஃபோலியம் என்றால் லத்தீனில் இலை. இலையில் இருந்த உயிரை உலகம் கண்டுபிடித்து ஐம்பது வருஷம் கழிந்த பிறகும், ராத்திரியில் கீரை கூடாது என்று எங்கள் வீட்டில் என் தட்டிலிருந்து கீரையை எடுத்தார்கள்.

இது அன்று. இனி இன்று.

அந்த ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம் பிள்ளை வளர்ந்து கல்யாணமாகி, 2023-ல் என் மருமகள் உண்டானாள். இப்போது மாமியார் நான். இந்த வீட்டில் இனி எந்தப் பெண்ணும் கடைசியில் சாப்பிட மாட்டாள் என்று நான் எப்போதோ முடிவெடுத்திருந்தேன். ஃப்ரிட்ஜில் ஆப்பிளும் மாதுளையும் வாங்கி அடுக்கினேன். டப்பாவில் பால்மாவு வாங்கினேன். பிள்ளை சிவப்பாகப் பிறக்குமென்று யாரோ குங்குமப்பூ கொண்டுவந்தார்கள். அதனால் நிறம் மாறாது என்று தெரிந்தும் மறுக்கவில்லை. அங்கன்வாடியில் மாதத்துக்கு 25 முட்டை, 5 லிட்டர் பால், அரிசி, பருப்பு, எண்ணெய், கூடவே கேழ்வரகு மாவு, அவல், வெல்லம், கடலை மிட்டாய், உலர்ந்த பேரீச்சம்பழம். என் காலத்தில் கனவிலும் காணாத சீர்.

ஐந்தாம் மாதம் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.9. கர்ப்பிணிக்குப் பதினொன்றுக்குக் கீழே போனாலே ரத்தசோகை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கே தவறியது என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். மருமகள் ஸ்ரீசிட்டி பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விடியும் முன்னே பஸ். "வேணாம் அத்தே, பஸ்ஸு போயிடும்" என்று ஒரு டம்ளர் டீயும் இரண்டு பிஸ்கட்டும் வாயில் போட்டுக்கொண்டு ஓடுவாள். இரும்பு மாத்திரையை அந்த டீயோடுதான் விழுங்குவாள். மறந்த நாளில் சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து ராத்திரியில். அங்கன்வாடி முட்டை? ஞாயிற்றுக்கிழமை நான்தான் வீட்டுக்கே குழம்பு வைத்தேன். என் மகனுக்கு இரண்டு, என் வீட்டுக்காரருக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று. பாலில் எல்லாருக்கும் டீ. கேழ்வரகு மாவுப் பொட்டலம் பிரிக்காமலே இருந்தது, களி பழைய சாப்பாடாம். வரிசை மாறிவிட்டது என்று நினைத்திருந்தேன். அது மாறவில்லை. அதே வரிசையை இம்முறை என் கையால் போட்டிருக்கிறேன்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய கணக்கெடுப்பில் 50.4. சத்துணவும் மாத்திரையும் ஊருக்கு ஊர் வந்த பிறகும் இரண்டில் ஒருத்தி. வீட்டுக்குப் போகும் உணவு வீடு முழுக்கப் பங்காகிவிடும் என்று தெரிந்துதான் ஆந்திராவில் 2013-ல் அம்ருத ஹஸ்தம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். கர்ப்பிணி அங்கன்வாடியிலேயே உட்கார்ந்து ஒரு வேளைச் சோறு, பருப்பு, முட்டை, பால் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அந்த ஏற்பாட்டின் அறிவு எனக்கு இப்போதுதான் புரிகிறது.

மறுநாளே மாற்றினோம். டாக்டர் சொன்னபடி மாத்திரை இரண்டு வேளை. டீ, காபி, பால் எதனோடும் இல்லாமல், எலுமிச்சம்பழச் சாற்றோடு. டீயில் உள்ள துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது, புளிப்புப் பழம் சேரவைக்கும். சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கு வேறு நேரம். விடியற்காலை நான் எழுந்து முருங்கைக்கீரை போட்டுக் கேழ்வரகு அடை சுட்டு, அவித்த முட்டையோடு டப்பாவில் கட்டிக் கொடுத்தேன். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. சாயங்காலம் வேகவைத்த வேர்க்கடலை ஒரு கை. புரட்டாசி வந்தபோது பெருமாளுக்கு ஒரு கற்பூரம் ஏற்றி, "பெத்தவ நீ இருக்கே, புரிஞ்சுக்கோ தாயே" என்று பத்மாவதித் தாயாரை வேண்டிக்கொண்டு முட்டையை நிறுத்தாமல் கொடுத்தேன்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். "ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்று இனிப்பாகத் திணிக்கிற தவறு இப்போது வந்திருக்கிறது. கூடுதலாக வேண்டியது ஒரு நாளைக்கு 350 கலோரிதான் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி கடலை, அவ்வளவே. கர்ப்பிணிகள் எல்லாருக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று சென்னை மருத்துவர் வி. சேஷய்யா விடாமல் வலியுறுத்தியது கர்ப்பகாலச் சர்க்கரை நோயைக் கண்டுபிடிக்கத்தான். பப்பாளி விஷயத்திலும் பெரியவர்கள் பாதி சரி. காயில் உள்ள பால்தான் ஆகாது, நன்றாகப் பழுத்ததில் பயமில்லை.

ஒன்பதாம் மாதம் மருமகளின் ஹீமோகுளோபின் 11.2. பேத்தி பிறந்தபோது இரண்டு கிலோ எண்ணூறு.

பிள்ளையுண்டான பெண் இருக்கும் வீட்டாரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புதிதாக எதையும் வாங்க வேண்டாம். முருங்கையும் கேழ்வரகும் கடலையும் முட்டையும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன, மாத்திரையை அரசாங்கம் தருகிறது. அவள் தட்டை முதலில் போடுங்கள். அவள் பங்கில் யாரும் கை வைக்காதீர்கள். மாத்திரை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். கஞ்சி ஏற்றாத பாவைத் தறியில் பூட்டாத நெசவாளி, அந்தப் பாடத்தை அடுப்படியிலும் படிக்க வேண்டும்.