சார்ஜர் சித்தப்பா

துட்டி வீட்டுக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் பெட்டியைப் பார்ப்பார்கள். சார்ஜர் சித்தப்பா சுவரைப் பார்ப்பார். பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறதென்று தெரிந்த பிறகுதான் அவர் முகத்தில் துக்கம் வரும். போனைச் செருகிவிட்டு, இறந்தவரின் மகனுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘ஆழ்ந்த இரங்கல்’ போடுவார். மகனின் சட்டைப்பை டிங் என்னும். அவன் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு கும்பிடு அனுப்புவான். இருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நெய்யூரில் தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. பெரும்பாலும் கல்ஃபில் இருந்து திரும்பியவர். அங்கே இருந்த காலத்தில் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதுவார். அடைக்கோழி எத்தனை குஞ்சு பொரித்தது என்பது வரை விசாரிப்பார். இப்போது ஒரே வீட்டில் இருந்துகொண்டு சித்திக்கு ரோஜாப்பூ போட்ட ‘குட்மார்னிங்’ அனுப்புகிறார். சித்தி அடுக்களையில் சாளை கழுவிக்கொண்டிருப்பாள்.

பக்கத்தில் இருக்கும் திங்கள்சந்தைக்குப் போகவும் அவருக்கு மேப் வேண்டும். நெய்யூர் ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் கத்தி பிடித்த சாமர்வெல் டாக்டர், 1924-இல் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்டில் ஏறத்தாழ 28,000 அடி வரை போய்த் திரும்பியவர். அவருக்கு யாரும் ‘இடதுபக்கம் திரும்பவும்’ என்று சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு அந்தப் பெண்குரல் சொல்லாவிட்டால் ஸ்கூட்டர் நகராது. “எங்கே போறீங்க?” என்று சித்தி கேட்டால் மட்டும் பதில் வராது.

அவருடைய பாதுகாப்பு ஏற்பாடு தனி. ஏடிஎம் கார்டு, ஆதார் நகல், பின் நம்பர் எழுதிய துண்டுச்சீட்டு மூன்றும் போன் கவருக்குள்ளேயே இருக்கும். பின் நம்பர் அவர் பிறந்த வருஷம். மீன்கடையில் பணம் அனுப்பும்போது ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுச் சொல்லித்தான் அழுத்துவார். ஆனால் சித்தி கேட்டால், “அதெல்லாம் ரகசியம் பிள்ளே” என்பார். முகம் தெரியாத ஒருவன் ‘பேங்கில் இருந்து பேசுகிறேன் சார்’ என்றால் ஓடிபியை இரண்டு தடவை, நிறுத்தி நிறுத்திச் சொல்வார். பணம் வரவு வைக்க ஓடிபியோ பின் நம்பரோ தேவையே இல்லை என்று பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் சொன்னதற்கு, “நீ யாருலே எனக்குச் சொல்ல?” என்று கேட்டார். போனுக்குள் இருப்பவன் எல்லாம் அதிகாரி, எதிரே நிற்பவன் எல்லாம் விவரம் கெட்டவன். இதுதான் அவர் கட்சி.

ஒருநாள் மும்பை போலீஸ் வீடியோ காலில் வந்தது. அவர் பெயரில் போன பார்சலில் போதைப்பொருளாம். டிஜிட்டல் அரெஸ்டாம். கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது. பேசாமல் இருப்பதில் சித்தப்பாவுக்கு நல்ல பயிற்சி. கதவைச் சாத்திக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டார். சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்றே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். அன்றைக்கு அதைக் குடும்பக் குழுவில் பரப்பியது வேறு யாருமில்லை, சித்தப்பாதான். படித்துப் பார்ப்பது அவர் வழக்கமில்லை.

மரச்சீனியும் மீன்கறியும் ஆறிப்போன கோபத்தில் சித்தி கதவைத் தள்ளினாள். திரையில் தொப்பி போட்ட ஒருவன்.

“எவம்லே அது, சோறு உண்ணுற நேரத்துல?”

“மேடம், விசாரணை நடக்குது…”

“விசாரிக்கணும்னா வீட்டுக்கு வாலே. இரணியல் ஸ்டேசன்ல கேட்டா வழி சொல்லுவாவ.”

மும்பை போலீஸ் அந்த நிமிஷமே ஓடிவிட்டது. சித்தப்பா நிம்மதிப் பெருமூச்சு விட்டு, “நெட்வொர்க் போயிட்டு போல” என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சித்தப்பா இருப்பார். சைபர் மோசடிக்குப் புகார் சொல்லும் எண் 1930. பணம் போனது தெரிந்ததும் தாமதிக்காமல் கூப்பிட்டால், அது கைமாறும் முன் நிறுத்திவைக்க வழி உண்டு. அந்த எண்ணை அவர் போனில் சேமித்து வைக்காதீர்கள். அடுக்களைச் சுவரில், சித்தி கண்ணில் படும்படி பெரிதாக எழுதி வையுங்கள்.