அன்று சுத்தியல், இன்று புல்லர்

அவுட்போர்டு எஞ்சினின் மேல்மூடியைத் தூக்கி, ரோப் சுற்றிய ஸ்டார்ட்டரையும் கழற்றிவிட்டால் அடியில் பிளைவீல் கனமாக உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு பெரிய நட்டு. அதைக் கழற்றினால் வீல் கையோடு வந்துவிடும் என்றுதான் புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். வராது. கிராங்க் தண்டின் முனை மேலே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும். வீலின் நடுத்துளையும் அதே சரிவில் கடைந்திருக்கும். நட்டை முறுக்க முறுக்க இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடும்போதும் வீல் வழுக்காமல் நிற்பது இந்தக் கவ்வலால்தான். பக்கத்தில் இருக்கும் அரைவட்டச் சாவி, வீல் சரியான இடத்தில் உட்காருவதற்கு மட்டுமே. நட்டு போன பிறகும் கவ்வல் போகாது. உப்புக்காற்றும் துருவும் கூடிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நான் வேலை பழகியது குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில். 1980-களில் முட்டத்தில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் கட்டத் தொடங்கி, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் அவுட்போர்டு எஞ்சின்கள் ஊர் ஊராகப் பரவிவந்த காலம் அது. எஞ்சின் வந்த வேகத்துக்கு அதற்கான கருவிகள் வந்து சேரவில்லை. சைக்கிளும் பம்புசெட்டும் பார்த்த கைகளே அவுட்போர்டையும் பார்த்தன. ஓலைக் கொட்டகையில் இரண்டு கம்பு நட்டு, குறுக்கே பலகை அடித்து, அதில் எஞ்சினை மாட்டியிருப்பார்கள். பட்டறை என்றால் அவ்வளவுதான்.

வீல் இறுகிவிட்டால் அன்று ஒரே வழி. ஒருவர் பெரிய ஸ்க்ரூடிரைவர்கள் இரண்டை வீலின் விளிம்புக்கு அடியில் எதிரெதிராகக் கொடுத்து நெம்புவார். இன்னொருவர் எஞ்சினின் பாரம் வீலில் தொங்கும்படி தூக்கிப் பிடிப்பார். மூன்றாமவர் நட்டை முனை மறையும்வரை மாட்டி, அதன் தலையில் சுத்தியலை இறக்குவார். வந்துவிட்டால் கொட்டகையே சிரிக்கும். வராவிட்டால் சுத்தியல் பெரிதாகும், அடி நட்டிலிருந்து வீலின் மேலேயே விழத் தொடங்கும்.

அந்த அடிக்கு விலை அன்றைக்குத் தெரியாது. வீலின் உள்சுவரில் காந்தங்கள் ஒட்டியிருக்கின்றன. அவற்றுக்கு நேர் உள்ளே மயிரளவு இடைவெளி விட்டு, ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயில்கள். வீலில் விழும் அடி காந்தத்தை விரிசல் விடச் செய்யும், அல்லது அதன் பசையை விடுவிக்கும். விளிம்பில் நெம்பினால் வீல் கோணலாகும், ஸ்க்ரூடிரைவரின் முனை காயிலின் ஒயரைக் கிழிக்கும். தண்டின் தலையில் விழும் அடி பேரிங்கைக் குத்தும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களின் கிராங்க் பெரும்பாலும் தனித்தனித் துண்டுகளை அழுத்திச் சேர்த்துச் செய்தது, ஓங்கி அடித்தால் அதன் நேர் கெடும். இத்தனைக்குப் பிறகும் எஞ்சின் கரையில் கிளம்பும், தண்ணீர்த் தொட்டியில் ஓடிக் காட்டும். பல வாரம் கழித்து, கரை தெரியாத தூரத்தில், கழன்ற காந்தம் காயிலை உரசி ஸ்பார்க் நின்றுபோகும். வலை இறக்கிய வள்ளம், காற்று திரும்பும் நேரம், ரோப்பை இழுத்து இழுத்துத் தோள் ஓய்ந்த ஆட்கள். கடலில் எஞ்சின் நின்ற பல கதைகளுக்கு வேர் கொட்டகையில் விழுந்த அடியில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் ஆசான் அப்போதே அப்படி அடிக்க விடமாட்டார். கனத்த இரும்புத் தகட்டில் மூன்று துளை போட்டு, நடுவில் மரை வெட்டி, நீளப் போல்ட்டு ஒன்றை ஏற்றி, நாகர்கோவிலில் ஒரு லேத்துக்காரரிடம் வீலை இழுத்தெடுக்கும் புல்லர் ஒன்றைச் சொந்தமாகச் செய்து வாங்கி வைத்திருந்தார். அதற்கு எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைப்பார். நான் சுத்தியலை ஓங்கினால் கையைப் பிடித்துக்கொள்வார்.

“மக்ளே, வீல அடிக்காத. வீலு தானா வராது, அடிச்சாலும் வராது. மொதல்ல இழுத்து நிறுத்து. பொறவு நடுப்போல்ட்டுல ஒரு தட்டு தட்டு, போதும்.”

“வரலன்னா என்ன செய்ய, ஆசானே?”

“எண்ணெய விட்டுட்டு வீட்டுக்குப் போ. நாளைக்கு வரும்.”

இன்று நான் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் இதையேதான். புல்லர் இப்போது கடையில் கிடைக்கிறது, செய்யச் சொல்லி அலைய வேண்டாம். வீலை அசையாமல் பிடிக்கும் கருவியைப் போட்டுப் பிடித்துக்கொண்டு நட்டைத் தளர்த்த வேண்டும். நட்டை முழுதாகக் கழற்றக் கூடாது. அதன் தலை தண்டின் முனைக்குச் சமமாக வரும் அளவுக்கு விட்டு நிறுத்தினால் மரை நசுங்காது, வீல் விடுபடும்போது எகிறிக் காலில் விழவும் விழாது. வீலிலேயே மரையுள்ள மூன்று துளைகள் இருக்கும். புல்லரின் மூன்று போல்ட்டுகளையும் அவற்றில் ஒரே அளவு ஆழத்துக்கு ஏற்ற வேண்டும். போல்ட்டு நீளம் கூடினால் அடியில் இருக்கும் காயிலைக் குத்திவிடும், அதை முன்கூட்டியே அளந்து பார்க்க வேண்டும். பிறகு நடுப்போல்ட்டை முறுக்கிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் ஸ்பேனர் நகர மறுக்கும். அப்போது நடுப்போல்ட்டின் தலையில், தண்டுக்கு நேராக, சுத்தியலால் ஒரு தட்டு. இழுவை ஏற்கெனவே வீலை மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது, அந்த அதிர்வு கவ்வலை உடைக்கிறது. ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், வீல் எழுந்து நட்டில் முட்டி நிற்கும்.

அன்றைக்கும் இன்றைக்கும் இன்னொரு பெரிய வேறுபாடு உண்டு, அது கருவியில் இல்லை. பழைய எஞ்சின்களில் வீலுக்கு அடியில், ஸ்பார்க்கைத் தூண்டும் பாயின்ட் இருந்தது. அது தேயும், கரியும். அதை மாற்ற வீலை எடுத்தே ஆக வேண்டும். அடிக்கடி கழற்றி மாட்டியதால் சரிவில் துரு ஊறுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. பிறகு சிடிஐ வந்தது. தேய்கிற பாயின்ட் போய், மின்னணுச் சுற்றே ஸ்பார்க்கைக் கொடுத்தது. இது மிக நல்ல மாற்றம், எத்தனையோ பேரைக் கடலில் காப்பாற்றிய மாற்றம். ஆனால் வீலைத் தொட வேண்டிய தேவையும் அதோடு போயிற்று. வாங்கிய நாள் முதல் திறக்காத வீல்கள் இன்று பட்டறைக்கு வருகின்றன. மேல் ஆயில் சீல் கசிந்தாலோ காயில் செத்தாலோதான் அவற்றைத் திறக்கிறார்கள். அதற்குள் வீலும் தண்டும் ஒரே இரும்பாகிக் கிடக்கின்றன.

அப்படி இறுகிய வீலிடம்தான் பொறுமை போகிறது. தாடைப் புல்லரை விளிம்பில் மாட்டி இழுக்கிறார்கள், வீல் வளைகிறது. கேஸ் தீயைக் காட்டுகிறார்கள், சூட்டில் காந்தம் வலுவிழக்கிறது, சீல் பொசுங்குகிறது, பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் தீ என்பது ஆளுக்கே ஆபத்து. செய்ய வேண்டியது வேறு. துரு இளக்கும் எண்ணெயைச் சரிவின் விளிம்பில் விட்டு, புல்லரை இறுக்கிய நிலையிலேயே ராத்திரி முழுக்க விட வேண்டும். காலையில் இன்னும் கொஞ்சம் முறுக்கி, ஒரு தட்டு. பிறகு மீண்டும் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு யாரும் இதை வென்று நான் பார்த்ததில்லை.

வீல் வந்துவிட்டது என்பதோடு வேலை முடிவதில்லை. சாவி நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது கொஞ்சம் விலகினாலும் ஸ்பார்க் நேரம் மாறும், எஞ்சின் ரோப்பை எதிர்ப்பக்கமாக உதைக்கும். சரிவில் துருவையும் பழைய எண்ணெயையும் துடைத்து உலர்த்த வேண்டும். கிரீஸ் தடவினால் அடுத்தமுறை சுலபமாக வரும் என்று சிலர் தடவுகிறார்கள், அது தவறு. கவ்விப் பிடிக்க வேண்டிய இடம் அது. நட்டை டார்க் ரென்ச்சில் இறுக்க வேண்டும். 10, 15 குதிரைத்திறன் எஞ்சின்களில் அது 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும், சரியான அளவுக்கு அந்தந்த மாடலின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். நட்டு தளர்வாக இருந்தால் வீல் ஆடி ஆடிச் சரிவைத் தின்றுவிடும், அடுத்தமுறை எந்தப் புல்லருக்கும் வராத வீல் அப்படித்தான் உருவாகிறது.

எஞ்சின் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்திடமும் நான் கேட்பது பெரிய செலவில்லை. கடல் சீறி வள்ளம் இறக்க முடியாத நாட்கள் ஆண்டுதோறும் வருகின்றன. அந்த நாட்களில் ஒருமுறை வீலைக் கழற்றி, துடைத்து, அளவாக இறுக்கி மாட்டிவிடுங்கள். புல்லரும் டார்க் ரென்ச்சும் ஒவ்வொரு வீட்டிலும் வேண்டாம். ஊருக்கு ஒன்று, மீனவர் சங்கத்தின் அலமாரியில் இருந்தால் போதும். நல்ல நாளில் நிதானமாகக் கழற்றிய வீல், கெட்ட நாளில் ஆட்களைக் கரை சேர்க்கும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுங்கள், சுத்தியலை அதன் பிறகு கொடுங்கள்.