எட்டுக் கட்டத்துச் சேனாதிபதி

1999-இல் வெளிவந்த ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்’ மூன்றாம் பாகத்தை ஒரே கணினியின் முன் நாலு பேர் முறை வைத்து உட்கார்ந்து ஆடலாம். அப்படி நாலு பேர் கூடும் இடத்தில் நம் சேனாதிபதி கட்டாயம் இருப்பார். அவரை அடையாளம் காண்பது எளிது. அவர் கையில் மவுஸ் இருக்கும்போது மற்ற மூவரில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார், ஒருவர் வீட்டுக்குப் போயிருப்பார், ஒருவர், “அண்ணா, முடிச்சிட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

காரணம், அவருடைய ஹீரோ லெவல் ஏறியிருப்பான். லெவல் ஏறினால் திரையில் ஒரு ஜன்னல் திறக்கும். இரண்டு திறமைகளைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள் என்று சொல்லும். ஆட்டத்தில் மொத்தம் 28 திறமைகள். ஒரு ஹீரோவுக்குக் கட்டங்கள் எட்டுதான். ஒருமுறை உட்கார்ந்த திறமையைக் கிளப்ப முடியாது. தேர்ந்தெடுக்காமல் அந்த ஜன்னலை மூடவும் முடியாது. சேனாதிபதி அதைத் திறந்தபடியே போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வந்து, போகும்போது இருந்த அதே இரண்டு திறமைகளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

அவருடைய ஜென்ம விரோதி, செத்தவர்களை எழுப்பும் நெக்ரோமேன்சர். எதிர்வீட்டுப் பையன் எப்போதும் அவனுடைய நெக்ரோபோலிஸ் அணியைத்தான் எடுப்பான். அந்தப் படைக்குப் போரில் செத்தவர்களே மூலதனம். நெக்ரோமன்ஸி திறமை முதல் நிலையில் இருந்தால், வீழ்ந்த எதிரிகளில் 10% பேர் எலும்புக்கூடாக எழுந்து வந்து சேர்வார்கள். அடுத்த நிலையில் 20%, எக்ஸ்பர்ட் ஆனால் 30%. நூறு ஈட்டிக்காரர்களைச் சாய்த்தால் முப்பது எலும்புக்கூடு, அதுவும் சம்பளமில்லாமல். மற்றவர்களுக்குச் சண்டை என்றால் செலவு. நெக்ரோவுக்கு அது வரவு.

இதை முறியடிக்கும் வழி சேனாதிபதிக்குத் தெரியாதா என்றால், அத்துப்படி. “எலும்புக்கூடு மெதுவா நடக்கும். வில்லாளிகளைச் சேர்த்து ஆர்ச்சரியை எக்ஸ்பர்ட் ஆக்கு, அடி அம்பது சதவீதம் கூடும். எர்த் மேஜிக்கை எக்ஸ்பர்ட் ஆக்கு, ஒரே ஸ்லோ மந்திரத்துல எதிரிப் படை மொத்தமும் மந்தமாயிடும். ஆர்மரர் எக்ஸ்பர்ட் ஆனா, வாங்குற அடியில பதினஞ்சு சதவீதம் குறையும். பக்கத்துல வந்து சேர்றதுக்குள்ள பொடிப்பொடி!” இதில் எங்கேயும் குறை சொல்ல முடியாது. அடுத்தவன் ஆட்டத்துக்குப் பின்னால் நின்று அவர் சொன்ன யோசனையால் ஜெயித்தவர்கள் உண்டு.

சொந்த ஆட்டத்தில்தான் சிக்கல். பூரண வீரன் தயாராகும்வரை சின்னச் சண்டைகளில் இறங்கமாட்டார். “ஆள் சேதம் ஆயிடும்.” வழியில் காவல் நிற்கும் பத்து ஓநாய்ச் சவாரிக்காரர்களைச் சுற்றிக்கொண்டு நாலு நாள் நடப்பார். ஆயிரம் அனுபவப் புள்ளி கொடுக்கும் கற்றல் கல்லைத் தேடி ஒரு வாரம் போகும். புதையல் பெட்டி கிடைத்தால் தங்கத்தை விட்டுவிட்டு அனுபவத்தை எடுப்பார். கோட்டையில் படை சேர்க்கக் காசு இல்லாமல் போனதற்கு இந்த ஞான வேட்கையே காரணம்.

இப்படி ஏழு கட்டங்களை இழைத்து இழைத்து நிரப்பி, எட்டாவதை ஆர்மரருக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரு நாளில், வழியில் சூனியக்காரி குடிசை ஒன்று தென்பட்டது. உள்ளே போனால் ஏதாவது ஒரு திறமையை அவளே கற்றுக்கொடுத்துவிடுவாள். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. ஆர்மரராக இருந்தால் லாபம்தானே என்று நுழைந்தார். அவள் கொடுத்தது ஈகிள் ஐ. எதிரி போடும் மந்திரத்தைப் பார்த்துப் படித்துக்கொள்ளும் திறமை அது. முதல் நிலையில் அதற்கும் 40% வாய்ப்புதான். அதுவும் முதலிரண்டு நிலை மந்திரங்களுக்கு மட்டும். அன்று அவர் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

ஐந்தாவது வாரம் பையன் வந்தான். இடைப்பட்ட நாட்களில் கண்ணில் பட்ட ஓநாய்ச் சவாரிக்காரன், பூதம், குள்ளன் எல்லாரோடும் மோதியிருந்தான். லெவல் ஏறும்போதெல்லாம் ஜன்னலைச் சரியாகப் படிக்காமலே ஒன்றைத் தட்டியிருந்தான். ஐந்நூற்றுச் சொச்சம் எலும்புக்கூடுகள் பின்னால் நின்றன. சேனாதிபதி அசரவில்லை. ஹிப்னடைஸ் மந்திரத்தை எடுத்து, மிகப் பெரிய எலும்புக் கூட்டத்தின் மேல் கொண்டுபோய் வைத்தார். கர்சர் மசியவில்லை.

“அண்ணா, அதுங்களுக்கு மனசே கிடையாதுண்ணா. வசியம் பண்ண என்ன இருக்கு?”

அவர் வைத்திருந்த வில்லாளிகள் எக்ஸ்பர்ட் ஆர்ச்சரியோடு அற்புதமாக எய்தார்கள். மொத்தம் பதினாறு பேர். சண்டை முடிந்ததும் அவர் படையில் 30% பேர் எலும்பாக எழுந்து, தேர்தலுக்கு மறுநாள் எம்.எல்.ஏ. போல எதிர் அணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

தோல்விக்குப் பிறகுதான் அவர் முகத்தில் தெளிவு வரும். “அந்த ஈகிள் ஐ மட்டும் இல்லாம இருந்திருந்தா...” என்று தொடங்கி, இருந்திருக்க வேண்டிய எட்டுக் கட்டங்களையும் வரிசையாகச் சொல்வார். வாரக்கணக்கில் நாட்களை வீணாக்கிய கதை அந்த வரிசையில் வராது. திறமைப் பட்டியலில் சீக்கிரம் என்று ஒன்று இல்லையே.

போன ஞாயிறு, “இந்தத் தடவை நெக்ரோவை நான் எடுத்துக்கறேன்” என்றார். பையன் காஸில் அணியை எடுத்துக்கொண்டான். நெக்ரோமேன்சருக்கு நெக்ரோமன்ஸி பிறவியிலேயே உண்டு. ஆனால் அவருக்கு வாய்த்தவனுக்கு முதல் நிலைதான். “பத்து சதவீதத்துல சண்டை போட்டா மிச்சத் தொண்ணூறு பிணம் வீண். எக்ஸ்பர்ட் ஆகட்டும், அப்புறம் ஒரே அறுவடை” என்று கணக்குப் போட்டார். ஒரு சண்டையிலும் இறங்காமல் கற்றல் கல் தேடிப் புறப்பட்டார். இரண்டாம் லெவல் ஜன்னல் திறந்தது, டீ குடிக்கப் போனார், வந்தார், யோசித்தார். மூன்றாவது வாரம் பையன் வந்து கோட்டையைப் பிடித்தபோது, அந்த மயானத்தில் ஒரு எலும்புகூடத் தேறவில்லை.