டிகாஷன் மட்டும் போதும், சிஸ்டர்

சர்க்கரை வேண்டாம், பால் வேண்டாம், டிகாஷன் மட்டும் போதும் என்று சொல்கிற மனிதரை யாராவது சந்தேகப்படுவார்களா? செலவு வைக்காத விருந்தாளி என்றுதான் தோன்றும். அப்புறம்தான் சட்டைப் பையிலிருந்து அந்தப் புட்டி வெளியே வரும். ஒரு காலத்தில் இருமல் மருந்து குடியிருந்த கண்ணாடிப் புட்டி. சுரண்டிய லேபிளில் 'நன்றாகக் குலுக்கவும்' என்ற வரி மட்டும் மிஞ்சியிருக்கும். உள்ளே, செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய்.

"ரெண்டே ஸ்பூன், சிஸ்டர். மிக்ஸியில ஒரு சுத்து விட்டுத் தந்துருங்க."

அந்த ஒரு சுற்றில்தான் வினையே. கொதிக்கிற டிகாஷனை ஜாரில் ஊற்றி மூடினால் ஆவி சும்மா இருக்குமா? மூடி ஒரு பக்கம் போகும், காப்பி ஒரு பக்கம் போகும். எங்கள் அடுப்படிச் சுவரில் அப்படி விழுந்த கறை இன்னும் இருக்கிறது. பெயின்ட் அடிக்க வந்தவர் இரண்டு கோட் பூசிப் பார்த்துவிட்டு, "உள்ளே எண்ணெய் இறங்கியிருக்கு சார், எதுவும் ஒட்டாது" என்று கையை விரித்துவிட்டார். ஜாரின் கதை தனி. சபீனா, சீயக்காய், வெந்நீர் எல்லாம் போட்டுத் தேய்த்தாலும் மறுநாள் அதில் அரைத்த மிளகாய்ப்பொடி காப்பி மணத்தோடுதான் வந்தது. அந்த இட்லியை இரண்டு நாள் யாரும் எதுவும் பேசாமல் சாப்பிட்டோம்.

மிக்ஸி கொடுக்காவிட்டால் விட்டுவிடுவாரா? ஸ்பூனால் கலக்குவார். எண்ணெயும் காப்பியும் சேராது என்பது அவருக்கும் தெரியும், எண்ணெய்க்கும் தெரியும். ஆனாலும் கலக்குவார். கலக்கிக்கொண்டே பேசுவார். பேசும்போது அது மேலே வந்து வட்டம் வட்டமாக மிதக்கும். திரும்பவும் கலக்குவார். வீட்டில் எல்லோர் கண்ணும் அந்த டம்ளரில்தான் இருக்கும், டிவியில் என்ன ஓடினாலும் சரி. கடைசியில் ஒரே மடக்கு. மீசையில் ஒரு மினுமினுப்பு வந்து உட்காரும். துடைக்க மாட்டார். கைக்குட்டை கொடுத்தாலும் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். அந்தக் கையால் எங்கள் சோபாவின் கைப்பிடியைத் தட்டித் தட்டிப் பேசுவதுதான் அவருடைய பிரசங்க முறை.

கல்யாணப் பந்தியில் இவர் பக்கத்து இலையில் உட்கார்ந்து பாருங்கள். பருப்பும் நெய்யும் வரும்போது இலையைக் கையால் மறைப்பார். "சாதம் வேணாம், கூட்டு பொரியல் மட்டும் ரெண்டு தடவை வைங்க" என்பார். பிறகு புட்டியைத் திறந்து பீன்ஸ் பொரியலின் மேல் ஒரு சுற்று ஊற்றுவார். பரிமாறுகிற பையன் அதை விபூதி தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு பயபக்தியோடு நகர்ந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். துக்க வீட்டிலும் இதே கதைதான். கறுப்புக் காப்பி கொண்டுவந்து கொடுப்பார்கள். ஊரே தலையைக் குனிந்து குடித்துக்கொண்டிருக்கும்போது, பந்தலின் மூலையில் 'டக்' என்று மூடி திறக்கிற சத்தம் கேட்கும். திரும்பிப் பார்க்கவே வேண்டாம்.

ரயிலில் போனால் டீக்காரரின் கேனில் எல்லாமே ஏற்கெனவே கலந்திருக்கும். பால் இல்லாத டீ உண்டா என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கிக் கேட்டு, விருத்தாசலத்தில் வண்டியைத் தவறவிடப் பார்த்தார். மார்கழியில் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனது இன்னொரு கூத்து. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். கொடைக்கானல் என்ன செய்யும் பாவம்? காலையில் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. அன்று முழுவதும் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே சுற்றினார். குறிஞ்சி ஆண்டவர் சந்நிதியில் கும்பிட ஒரு கைதான் உயர்ந்தது. குருக்கள் "கையில அடியா?" என்று அனுதாபத்தோடு கேட்டார்.

இவ்வளவும் எதற்கு? உடம்பு இளைக்க. "கொழுப்பைக் கொழுப்பாலதான் சார் கரைக்கணும்" என்பது அவருடைய மகாவாக்கியம். முள்ளை முள்ளால் எடுக்கவில்லையா என்று உதாரணமும் தருவார். அந்தக் கணக்கில் கடனைக் கடனால் அடைத்தவர்கள் நம் தெருவில் நாலு பேர் இருக்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஆராய்ச்சி பற்றிக் கேட்டால் இன்னும் உற்சாகம். பசிபிக் பெருங்கடலில் டோக்கலா, புக்காபுக்கா என்று தீவுகள் இருக்கின்றன. அங்கே நடந்த ஓர் ஆய்வு 1981-ல் வெளியானது. டோக்கலா மக்களுக்கு உணவில் கிடைத்த ஆற்றலில் சுமார் 63 சதவிகிதம் தேங்காயிலிருந்து வந்தது, ஆனாலும் அவர்களிடம் இதய நோய் அபூர்வம். இது உண்மைதான். ஆனால் அவர்கள் தின்றது தேங்காயை. கூடவே மீனும் கிழங்கும். அந்தத் தேங்காயை மரமேறிப் பறிப்பதும், அந்த மீனைப் படகு வலித்துப் போய்ப் பிடிப்பதும் அவர்கள்தான். இவர் எங்கள் வீட்டு முதல் மாடிக்கு லிஃப்டில் வருகிறவர்.

அடுத்தது எம்சிடி. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு. குடலிலிருந்து நேரே ஈரலுக்குப் போய் உடனே எரிந்துவிடும், இடுப்பில் தங்காது என்பார். மரி-பியர் செயின்ட்-ஆஞ்ச் என்ற ஆய்வாளர் 2008-ல் வெளியிட்ட ஆய்வை போனில் காட்டுவார். பதினாறு வாரம் ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களைவிட எம்சிடி எண்ணெய் சாப்பிட்டவர்கள் கொஞ்சம் கூடுதலாக இளைத்தார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அது எம்சிடியை மட்டும் பிரித்தெடுத்துச் செய்த எண்ணெய். இவர் எண்ணெய் வாங்குகிற காங்கேயத்துச் செக்கில் வருவது அது இல்லை. தேங்காயெண்ணெயில் அப்படிச் சட்டென்று எரிகிற சங்கதி ஏழில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். அதன் பெரும்பகுதி மற்ற கொழுப்புகள் போகிற வழியிலேயேதான் உடம்புக்குள் போகிறது. இதைச் சொன்னால், "சயின்ஸ் இன்னும் அங்க வரலை சார்" என்பார். போனில் அதைக் காட்டியபோது மட்டும் வந்திருந்தது.

2018-ல் இங்கிலாந்தில் நான்கு வாரம் நடந்த ஓர் ஆய்வும் அவர் கைவசம் உண்டு. வெண்ணெய் ஏற்றிய அளவுக்குத் தேங்காயெண்ணெய் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றவில்லை என்பது அதன் முடிவு. அதே தாளில், எந்த எண்ணெய் சாப்பிட்டவருக்கும் எடையில் வித்தியாசம் தெரியவில்லை என்றும் இருக்கிறது. அந்த வரி வரும்போது அவருக்கு போனில் சார்ஜ் தீர்ந்துவிடும். 2020-ல் பதினாறு ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்த்தார்கள். மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் எல்டிஎல் என்கிற அந்தக் கெட்ட கொலஸ்ட்ரால் பத்துப் புள்ளி அளவுக்கு ஏறுகிறது, தொப்பைக்கு ஒரு லாபமும் இல்லை. அதை நான் சொல்லப் போனால், சோபாவின் கைப்பிடியை மூன்று தட்டுத் தட்டிவிட்டு, "யார் காசு கொடுத்து நடத்தினாங்கன்னு பாருங்க" என்பார்.

எனக்குத் தெரிந்தது சாதாரணக் கணக்கு. ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி. காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு என்றால் 480. எட்டு இட்லிக்குக் குறையாது. எட்டு இட்லி தின்றால் வயிறாவது நிறைந்திருக்கும்.

ஆனால் மனிதர் இளைத்தார். அதை மறைக்கக் கூடாது. முதல் மூன்று நான்கு மாதத்தில் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணியால் புதுத் துளை போட்டுக்கொண்டார். அந்த மாதங்களில் இவர் விட்டதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பேங்க் வாசல் டீக்கடையில் தினமும் தின்ற வாழைக்காய் பஜ்ஜியை விட்டார். ஒரு நாளைக்கு ஐந்து காப்பி, ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்பூன் சர்க்கரை, அதை விட்டார். ராத்திரி ரசத்துக்குப் பிறகு மோருக்கென்று தனியாக ஒரு குவியல் சாதம் போட்டுக்கொள்வார், அதையும் விட்டார். இத்தனையும் விட்ட மனிதர் காலையில் விளக்கெண்ணெய் குடித்திருந்தாலும் இளைத்திருப்பார். பஜ்ஜியைத் துறந்த வைராக்கியத்துக்கு இவரிடமிருந்தே ஒரு பாராட்டு இல்லை. புகழெல்லாம் புட்டிக்கு.

"எங்க தாத்தா காலத்துல எல்லாம் இதுதான் சார்" என்று வேறு சொல்வார். இவருடைய தாத்தாவுக்கு லால்குடி பக்கம். அந்த வீட்டில் சமையலுக்கு நல்லெண்ணெய், பலகாரத்துக்குக் கடலை எண்ணெய். தேங்காயெண்ணெய் கண்ணாடி மாட்டியிருந்த மாடத்தில் சீப்போடு இருந்தது. உண்மையாகவே தலைமுறை தலைமுறையாக அதில் சமைக்கிறவர்கள் நாகர்கோவில்காரர்கள். எங்களோடு காலையில் நடக்க வருகிற அந்த ஊர் நண்பர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எங்க ஊர்ல ஒருத்தனுக்கும் தொப்பை இருக்கப்பிடாதே, சார்?" என்றார்.

"நீங்க அதைச் சோத்தோட சாப்பிடறீங்க" என்றார் இவர்.

இத்தனை வருஷப் பிரசங்கத்தில் அவர் சொன்ன மிகச் சரியான வார்த்தை அதுதான். அவருக்கு அது தெரியாது.

எண்ணெயோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அவியலின் மேல் பச்சையாக ஒரு கரண்டி ஊற்றி மூடி வைத்துத் திறந்தால் வருகிற மணத்துக்கு நான் அடிமை. அந்த எண்ணெயை எனக்குப் பழக்கியதும் இவர்தான். மாதம் ஒருமுறை பழைய மாருதியை எடுத்துக்கொண்டு காங்கேயம் போவார். கந்தகப் புகை போடாமல் வெயிலில் காய்ந்த கொப்பரையா என்று ஒன்றை உடைத்து முகர்ந்து பார்த்து, கண் முன்னால் ஆட்டச் சொல்லி, டின் டின்னாக வாங்கி வருவார். தெருவுக்கே பிரித்துக் கொடுப்பார். வாங்கின விலை, ஒரு பைசா கூடுதல் கிடையாது, பெட்ரோலும் அவருடையது. கணக்கு நோட்டில் எங்கள் பெயருக்கு நேரே எவ்வளவு பாக்கி என்று அவரும் கேட்டதில்லை, நாங்களும் பார்த்ததில்லை. வியாபாரம் பண்ணியிருந்தால் சம்பாதித்திருப்பார், எங்களுக்கும் கதவைச் சாத்துவது சுலபமாக இருந்திருக்கும்.

அதனால்தான் பக்கத்து வீட்டு டீச்சரம்மா விஷயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. எழுபது வயதைத் தாண்டியவர். ஏற்கெனவே ஒரு ஸ்டென்ட் வைத்தவர். இவர் பேச்சைக் கேட்டு கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டு, காலையில் எண்ணெய் குடிக்க ஆரம்பித்துவிட்டார். ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் எகிறியபோது, "அது பெரிய சைஸ் துகள்மா, ஒண்ணும் பண்ணாது, விகிதத்தை மட்டும் பாருங்க" என்று இவரே ரிப்போர்ட்டையும் படித்துச் சொல்லியிருக்கிறார். டாக்டர் கண்டுபிடித்துச் சத்தம் போட்டபோது அந்த அம்மா இவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. 'எனக்கே தோணிச்சு' என்று சொல்லிவிட்டார். நல்லவேளை, விபரீதம் ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால்? ஐயா, உங்கள் காப்பியில் நீங்கள் எண்ணெய் ஊற்றுங்கள், டீசல் ஊற்றுங்கள், உங்கள் இஷ்டம். அடுத்தவருடைய மாத்திரை டப்பாவில் கை வைக்க நீங்கள் யார்? முப்பது வருஷம் பேங்க்கில் கையெழுத்துச் சரியாக இல்லையென்று செக்கைத் திருப்பி அனுப்பியவருக்கு, மருந்துச் சீட்டில் இருக்கிற கையெழுத்து மட்டும் கண்ணுக்குத் தெரியாதா? இதை அவரிடமே சொன்னேன். கேட்டுக்கொண்டார். மறுநாள் டீச்சரம்மா வீட்டுக்குப் போய் மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொன்னாராம். எண்ணெயையும் விடாமல் சாப்பிடச் சொன்னாராம்.

அப்புறம் 2025 வந்தது. காய்க்குத் தட்டுப்பாடு, கொப்பரை விலை கண்ணைக் கட்டியது. அந்த வருஷ நடுவில் எண்ணெய் கடையில் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிவிட்டது. கேசரியில் நெய் குறைந்த மாதிரி எல்லோர் வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இவருக்கோ அதே வாரத்தில் ஒரு புது ஞானம் பிறந்தது. ரெண்டு ஸ்பூன் என்பது பழைய கணக்காம். உடம்பு ஒருமுறை பழகிவிட்டால் ஒரு ஸ்பூனே போதுமாம். ஆவணியில் அது அரை ஸ்பூன் ஆயிற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் குடித்தால்தான் செல்கள் விழித்துக்கொள்ளும் என்றார். எடை என்னவோ ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

போன வாரம் வந்தபோது சட்டைப் பை காலி. காங்கேயம் போய் மாசக்கணக்கில் ஆகிறதாம். டிகாஷனைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். கண் எங்கள் அலமாரிக் கண்ணாடியின் கீழே போய் நின்றது. அங்கே ஒரு சின்ன நீலப் புட்டி. வழக்கமாக அதைப் பார்த்தாலே முகத்தைச் சுளிக்கிறவர்.

"சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. அதுல ஒரு சொட்டு..."

"அது தலைக்குத் தடவறதுங்க" என்றாள் என் மனைவி.

அவ்வளவுதான், மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. சின்னப் புட்டியில் வருகிற தேங்காயெண்ணெய் தலைக்கா வாய்க்கா என்று வரித் துறையும் கம்பெனிகளும் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியதையும், 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னதையும், 2024 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, தலைக்கு என்று லேபிளில் போடாதவரை சின்னப் புட்டியும் சமையல் எண்ணெய்தான் என்று முடித்துவைத்ததையும், அப்போது சமையல் எண்ணெய்க்கு 5 சதவிகிதம், கூந்தல் எண்ணெய்க்கு 18 சதவிகிதம் என்றிருந்த வரி வித்தியாசத்தையும் மூச்சுவிடாமல் சொன்னார். எல்லாம் சரியான தகவல். நான் பிறகு சரிபார்த்தேன்.

என் மனைவி முழுவதையும் நின்று கேட்டாள். உள்ளே போனாள். நீலப் புட்டியை அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் சீப்பையும் வைத்தாள்.