கூலிங் சார்ஜ்: திண்டிவனம் – விழுப்புரம் சாலையில் வசூலாகும் ஒரு பருவநிலை வரி பற்றிய ஆய்வு

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையே இவ்வாய்வின் களம். ஆய்வுப் பொருள், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சடித்த விலைக்கு மேல் கேட்கப்படும் ஐந்து ரூபாய். பாட்டிலின் லேபிளில் 'அனைத்து வரிகளும் உட்பட' என்று எறும்பு சைஸ் எழுத்தில் ஒரு விலை இருக்கும். "இருபதுதானே போட்டிருக்கு?" என்பார் பயணி. "கூலிங் சார்ஜ் அஞ்சு ரூபா சார்" என்பார் கடைக்காரர், அடுத்தவருக்கு பிஸ்கட் எடுத்துக்கொண்டே. இதைப் பகல் கொள்ளை என்று சொல்லி நகர்ந்துவிடுவது மேம்போக்கான பார்வை. இந்தியாவில் பாக்கியில்லாமல் வசூலாகும் ஒரே பருவநிலை வரி இந்த ஐந்து ரூபாய்தான் என்பதே இங்கே நிறுவப்பட இருக்கும் கருத்து. அனைத்து வரிகளும் உட்பட என்று லேபிள் சொல்லும்போது இது எப்படி வரியாகும் என்று கேட்கலாம். அரசு விதித்த வரிகளை மட்டும்தான் லேபிள் அறியும். வெயில் விதித்த வரி அதன் கணக்கில் வராது.

பூமி சூடானதற்கு யார் பணம் கொடுப்பது என்பதில் உலக நாடுகள் பல பத்தாண்டுகளாக முடிவுக்கு வர முடியாமல் தவிக்கின்றன. 2024 நவம்பர் 24 அன்று பாகூவில் முடிந்த பருவநிலை மாநாட்டில், 2035க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் டாலர் என்ற அளவை எட்டுவதாகப் பணக்கார நாடுகள் வாக்களித்தன. இது போதாது என்று இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. ஆறே நாளில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அரசூரில் வெள்ளம் சாலையை மூடியதால் சென்னை – திருச்சி போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் தண்ணீர் ஏறியதால் ரயில்களும் நின்றன. மாநில அரசு உடனடியாக 2,000 கோடி கேட்டது. ஒன்றிய அரசு (மத்திய அரசு என்றும் வாசிக்கலாம், அவரவர் கட்சியைப் பொறுத்தது) 944.80 கோடி விடுவித்தது. அது போதுமா, எப்படியும் வரவேண்டிய பங்குதானா என்று இரு தரப்பும் மோதிக்கொண்டன. அதே சாலையோரக் கடையில் வெப்பத்துக்கான விலை நிர்ணயம், வசூல், சேவை மூன்றும் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து மூடும் நேரத்தில் முடிந்துவிடுகின்றன. கூட்டறிக்கையும் கிடையாது, வெளிநடப்பும் கிடையாது.

இந்தியாவில் இதற்கு முன்னோடி உண்டே என்று வரலாறு படித்தவர்கள் மறுக்கக்கூடும். உண்மைதான். 2010இல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தி செஸ் போட்டார்கள். 2016இல் அது 400 ஆனது. மறு ஆண்டு ஜிஎஸ்டி வந்ததும், அதே 400 ரூபாய் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் நிதிக்குத் திருப்பப்பட்டது. காற்றைத் தூய்மையாக்கப் பிறந்த பணம், கஜானா ஓட்டையை அடைக்கப் போனது. கூலிங் சார்ஜில் அந்தக் குழப்பம் இல்லை. கொடுத்த காசு பாட்டிலின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக வியர்த்து நிற்பதைக் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம்.

இனி விகிதம். 35 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைப் பத்து டிகிரிக்கு இறக்க அதிலிருந்து எடுக்க வேண்டிய வெப்பம் சுமார் 0.03 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் முப்பது பைசா. நாள் முழுக்கக் கதவு திறந்து மூடப்படுவதற்காக இதை ஐந்தால் பெருக்கினாலும் ஒன்றரை ரூபாய்தான். மீதி மூன்றரை ரூபாய்? அது நிர்வாகச் செலவு. எந்த நலத்திட்டத்திலும் இந்த விகிதம் கண்டு யாரும் மயங்கி விழுந்ததில்லை.

பாட்டில் பல நேரம் ஜில்லென்றே இருப்பதில்லையே என்பது வலுவான மறுப்பு. "இப்பதான் சார் வச்சேன்" என்று பதில் வரும். இதைக் குறையாகக் கொள்வது நியாயமில்லை. நிகரப் பூஜ்ய உமிழ்வை 2070இல் அடைவோம் என்று இந்தியா 2021இல் கிளாஸ்கோவில் அறிவித்தபோது உலகம் கைதட்டியது. கடைக்காரருக்கு ஒரு மணி நேரம் தரக் கூடாதா? சட்டம் தெரிந்தவர்கள் வேறு வழியில் வருவார்கள். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதை 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் தடுக்கின்றன. ஆனால் ஓட்டல்கள் கூடுதல் விலைக்குத் தண்ணீர் விற்கலாம், அங்கே விற்பனையோடு சேவையும் சேர்ந்திருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வைத்தால் பெட்டிக்கடையும் ஓட்டலாகுமா என்பது தனி ஆய்வுக்குரியது.

வரி என்றால் நிலையாக இருக்க வேண்டும் என்பார்கள் பொருளாதார அறிஞர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பாட்டில் தண்ணீருக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து ஐந்தாகக் குறைந்தது. விழுப்புரம் ஜங்ஷன் உட்பட ரயில் நிலையங்களில் ரயில் நீர் பதினைந்திலிருந்து பதினான்கு ரூபாயானது. அந்த ஒரு ரூபாய் சில்லறை பயணியின் கைக்குத் திரும்பும் விதம் பற்றி இங்கே பேசுவதற்கில்லை. டெல்லியில் எந்த விகிதம் ஏறினாலும் இறங்கினாலும் நெடுஞ்சாலையில் கூலிங் சார்ஜ் அசையாது. மார்கழிக் குளிரிலும் அதே ஐந்துதான்.

ஏழைக்கு இது பாரம் என்பதை மட்டும் இவ்வாய்வு ஏற்கிறது. 2019 ஜனவரி முதல் நாள் வந்த பிளாஸ்டிக் தடையில் மலிவான தண்ணீர் பாக்கெட் போயிற்று, பாட்டில் தப்பித்தது. 2013இல் பேருந்து நிலையங்களில் பத்து ரூபாய்க்கு வந்த அம்மா குடிநீருக்குக் கூலிங் சார்ஜ் இருந்ததில்லை. அரசு போட்டிக்கு வந்தால் இந்த வரி இளைக்கும் என்பதற்கு அது சான்று. புகார் கொடுக்கலாமே என்றால், 1915 என்ற எண் இருக்கிறது, விழுப்புரத்தில் நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது, ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம்கூட இல்லை. கையில் பில் இருந்தால் போதும். "தண்ணி பாட்டிலுக்கு பில்லா?" என்று கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் டிரைவர் இரண்டாவது ஹாரன் அடித்திருப்பார்.